இழுத்துக்கொள்ளும் விரல்கள்

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி மெல்லக் கீறினால், கட்டைவிரல் பெரும்பாலும் மேல்நோக்கி நிமிரும். மற்ற விரல்கள் விசிறிபோல் விரியும். அதே குழந்தை நடக்கப் பழகி இரண்டு வயதை நெருங்கும்போது, அதே கீறலுக்கு விரல்கள் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கிவிடும். இடைப்பட்ட காலத்தில் மாறியது பாதம் அல்ல; மூளையிலிருந்து தண்டுவடத்துக்குள் இறங்கும் நீண்ட நரம்பிழைகள். பிறக்கும்போது பெரும்பாலும் உறையில்லாமல் கிடந்த அந்த இழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிக்கொண்டுவிட்டது. மூளையின் சொல் தண்டுவடத்தின் அடிப்பகுதிவரை சிந்தாமல் சிதறாமல் போய்ச்சேர ஆரம்பித்துவிட்டது. 1896 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் ழோசப் பாபின்ஸ்கி ஒரு சிறு அறிக்கையை வாசித்தார். மூளையிலிருந்து இறங்கும் பாதை பழுதுபட்டவர்களின் உள்ளங்காலைக் குத்தினால், வளர்ந்த வயதிலும் விரல்கள் மடங்காமல் நிமிர்கின்றன என்பதே அதன் சாரம். இன்றைக்கும் நரம்பியல் மருத்துவர்கள் நோயாளியின் செருப்பைக் கழற்றச்சொல்லி உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பது இதற்காகத்தான். பாபின்ஸ்கிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது எம்.எஸ்., புதிய நோய் அல்ல. 1885இல் அவர் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேடே அதைப் பற்றியதுதான். அந்த நோயைத் தனி நோயாக 1868இல் அடையாளம் காட்டிய ஷார்கோ அவருடைய ஆசான்.

எம்.எஸ். நோயில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே இந்த மயலின் உறையைத் தாக்குகின்றன. குழந்தை இரண்டு ஆண்டுகளில் சம்பாதித்ததை நோய் அங்கங்கே அரித்துவிடுகிறது. ஆகவே எம்.எஸ். உள்ளவர் இரவில் படுத்திருக்கும்போது, போர்வையின் ஓரம் பாதத்தில் உரசியதும் கட்டைவிரல் விர்ரென்று நிமிர்வதும், மற்ற விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மடங்கிக்கொள்வதும், சில நேரம் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்கி வயிற்றை நோக்கி வருவதும் விரலில் வந்த கோளாறுகள் அல்ல. மூளை காலின்மேல் வைத்திருந்த பிடி தளர்ந்துவிட்டது. தண்டுவடம் தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால், இழுப்பைச் சமாளிக்க எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசையே மாறிவிடும் என்பது என் வாதம். விரலோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால், தண்டுவடத்துக்கு யார் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று தேட வேண்டும்.

இது அரிதான தொல்லையும் அல்ல. வட அமெரிக்காவின் எம்.எஸ். நோயாளர் பதிவேட்டிலிருந்து 20,000க்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில்களைத் தொகுத்து 2004இல் ஒரு ஆய்வு வெளியானது. தசை விறைப்போ இழுப்போ துளியும் இல்லை என்றவர்கள் 16 சதவீதம்தான். மூன்றில் ஒருவருக்கு அது அன்றாட வேலைகளை அடிக்கடி கெடுக்கும் அளவுக்கோ அதற்கும் மேலாகவோ இருந்தது. இவ்வளவு பேர் அனுபவிக்கும் ஒன்றை, மருத்துவரிடம் சொல்லும்போது கடைசி ஒரு நிமிடத்தில், கதவருகே நின்றபடி, "கால் விரலும் கொஞ்சம் இழுக்குது டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். தூக்கத்தைக் கெடுப்பதும், செருப்பு மாட்டவிடாமல் செய்வதும், குளியலறையில் விழவைப்பதும் இந்தக் கொஞ்சம்தான்.

தண்டுவடத்தின் பழைய வழக்கம் என்ன? இதற்கான விடையைத் தேடியவர் ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட விலங்குகளில், பாதத்தில் ஒரு குத்து விழுந்தால் அந்தக் கால் முழுவதும் மடங்கி விலகிக்கொள்வதை அவர் விரிவாக ஆராய்ந்தார். மூளை இல்லாமலே தண்டுவடம் இதைச் செய்கிறது. முள் குத்தும்போது யோசித்துவிட்டுக் காலை எடுத்தால் தாமதமாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இன்னொரு அனிச்சை தசைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தசை சட்டென்று நீட்டப்பட்டால், அதற்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தண்டுவடத்துக்குச் சொல்ல, அதே தசை சுருங்கி நீட்சியை எதிர்க்கும். நாம் நிற்கும்போது கீழே விழாமல் இருக்க இது உதவுகிறது. ஆரோக்கியமான உடலில் இந்த இரண்டு அனிச்சைகளும் இருக்கின்றன. ஆனால் மேலிருந்து வரும் இழைகள் அவற்றை ஓயாமல் அடக்கி, தேவைக்கேற்பத் தளர்த்தி நடத்துகின்றன. நடக்கும்போது உள்ளங்காலில் படும் ஒவ்வொரு கல்லுக்கும் கால் மடங்கிக்கொண்டால் யாராலும் தெருவைக் கடக்க முடியாது.

பிடி தளர்ந்தால் அனிச்சை ஓங்கும் என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி கடந்த இருபது ஆண்டுகளில் தெரியவந்தது. தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களைச் 'சும்மா இரு' என்று அமைதிப்படுத்துவது காபா என்ற வேதிப்பொருள். அது வேலை செய்ய வேண்டுமானால், நரம்பணுவுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். குளோரைடை வெளியே தள்ளும் ஒரு புரதம், தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் குறைந்துபோகிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தள்ளும் புரதம் குறைந்தால், அமைதிப்படுத்த வந்த செய்தியே வலுவிழந்துபோகிறது. அதே ஆண்டில் இன்னொரு குழு வேறொரு சங்கதியைக் காட்டியது. மூளையிலிருந்து வரும் செரடோனின் நின்றுபோனதும், அதை எதிர்பார்த்துக் காத்திருந்த ஏற்பிகள் சில, செரடோனின் வராமலே தாமாக இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அதனால் இயக்க நரம்பணு ஒருமுறை தூண்டப்பட்டால், தூண்டல் போன பிறகும் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கிறது. போர்வை உரசியது ஒரு நொடி. விரல் இழுத்துக்கொண்டிருப்பது ஒரு நிமிடம். இந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் எழும். இவை தண்டுவடம் காயப்பட்ட எலிகளில் கண்டவை, எம்.எஸ். வேறு நோய் அல்லவா? வேறுதான். எம்.எஸ். ஒரே வெட்டாகப் பாதையை அறுப்பதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் திட்டுத்திட்டாக, ஆண்டுக்கணக்கில், சில இழைகளை விட்டுவிட்டுத் தாக்குகிறது. அதனால்தான் ஒருவருக்கே காலையில் தளர்வாக இருக்கும் கால் மாலையில் கட்டையாகிவிடுகிறது. எலியின் தண்டுவடத்தில் கண்ட ஒவ்வொரு மாற்றமும் எம்.எஸ். உள்ளவரிடமும் அதே அளவில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: மேலிருந்து வரும் கட்டுப்பாடு குறைகிறது, கீழிருந்து வரும் செய்திக்கு அளவுக்கு மீறிய பதில் கிடைக்கிறது. செரடோனின் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சாட்சியும் இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும், செரடோனினைக் கூட்டும் மாத்திரைகள் எம்.எஸ். உள்ள சிலருக்குக் கால் இழுப்பை அதிகப்படுத்துவதை மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். அதற்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வு எம்.எஸ். நோயில் மிகச் சாதாரணம், ஆபத்தானதும்கூட. ஆனால் மாத்திரை தொடங்கிய மாதமும் இழுப்பு கூடிய மாதமும் ஒன்றா என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை.

ஏன் பாதமும் விரலும் குறிப்பாக? மூளையின் மேற்பட்டையிலிருந்து கால்விரல்களை ஆளும் தண்டுவடப் பகுதிவரை போகும் இழைகளே அந்தப் பாதையில் மிக நீளமானவை. கழுத்தில் ஒரு திட்டு, முதுகில் ஒரு திட்டு என்று வழியில் எங்கே அரிப்பு விழுந்தாலும் அவை மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கைக்குப் போகும் இழைகள் கழுத்திலேயே இறங்கிவிடுகின்றன. இதோடு உள்ளங்காலின் தோல் சேர்ந்துகொள்கிறது. விலகும் அனிச்சையை எழுப்புவதில் அதற்கு இணையான இடம் காலில் வேறு இல்லை. அந்த உள்ளங்காலைத்தான் நாள் முழுக்கத் தரையிலும் செருப்பிலும் போர்வையிலும் உரசவிடுகிறோம்.

இனி, நம் வீடுகளில் முதலில் கிடைக்கும் ஆலோசனைக்கு வருவோம். கால் இழுக்கிறது என்றதும் "சத்து குறைச்சல், வாழைப்பழம் சாப்பிடு, இளநீர் குடி" என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் மெக்னீசியம் மாத்திரை என்பார்கள். சொல்பவர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் மனதில் வைத்திருப்பது குரக்களியை. நள்ளிரவில் கெண்டைக்கால் கல்லாகி இறுகும் குரக்களி பெரும்பாலும் தசைக்குள் நுழையும் நரம்பு முனைகளில் கிளம்புவது. எம்.எஸ். இழுப்பு தண்டுவடத்தில் கிளம்புவது. குரக்களிக்கே மெக்னீசியம் உதவுகிறதா என்று சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவின் 2020 அறிக்கை, வயதானவர்களுக்கு அது குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்றே முடித்தது. இரண்டையும் குழப்புவதால் வரும் பெரிய தீங்கு மாத்திரையில் இல்லை, கைவைத்தியத்தில் இருக்கிறது. குரக்களி பிடித்தால் பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுப்போம், விட்டுவிடும். எம்.எஸ். இழுப்பில் அதே வெடுக்கென்ற இழுப்பு எரிகிற தீயில் எண்ணெய். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980இல் இந்த விறைப்புக்குத் தந்த வரையறையின் உயிர்நாடியே வேகம்தான்: தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ, அவ்வளவு வலுவாக அது எதிர்க்கும். ஆகவே பிடிப்பவரின் கை மெதுவாகப் போக வேண்டும். குதிகாலை ஒரு உள்ளங்கையில் ஏந்தி, உள்ளங்காலின் நடுவையும் விரல் நுனிகளையும் சுரண்டாமல், பாதத்தின் வெளி ஓரங்களைப் பிடித்து, தசை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவு மட்டும், மூச்சு விடும் வேகத்தில் நகர்த்த வேண்டும். முழங்காலைச் சற்று மடித்துவைத்துக்கொண்டால் கெண்டைக்கால் தளர்ந்து பாதம் இன்னும் எளிதாக இணங்கும்.

செய்தி அனுப்புவது யார் என்ற கேள்விதான் இந்த அத்தியாயத்தின் மையம், அதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஒரு கால்விரலை அருகில் வைத்துப் பார்ப்போம். இரண்டாவது விரல் கொஞ்ச நாளாக மடங்கியே இருக்கிறது. மூடிய ஷூவுக்குள் மடங்கிய விரலின் கணு மேல்தோலில் முட்டுகிறது, நுனி அடிப்பாகத்தில் அழுந்துகிறது. சில வாரங்களில் கணுவின்மேல் தோல் காய்த்துப்போகிறது. நுனியில் கால் ஆணி விழுகிறது. இப்போது ஒவ்வொரு அடியிலும் அந்த இடத்திலிருந்து வலிச் செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. தண்டுவடம் அதற்குத் தெரிந்த ஒரே பதிலைத் தருகிறது: இன்னும் மடக்கு. மடங்க மடங்க அழுத்தம் கூடுகிறது. விரலைச் சுருளவைத்தது எம்.எஸ். என்றாலும், இந்தச் சுழலை ஓட்டிக்கொண்டிருப்பது ஷூ. விரல் பகுதி அகலமும் உயரமும் உள்ள காலணி, விரல்களுக்கு இடையில் மென்மையான திண்டு, காய்ப்பைச் சீவி எடுக்கும் ஒரு பாத மருத்துவர் என்று சில நூறு ரூபாய் விஷயங்கள் சுழலை உடைக்கலாம். கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இதில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பாதத்தில் மரத்த உணர்வு சாதாரணம். நகம் குத்துவது அவருக்குத் தெரியாமலே போகலாம். ஏனென்றால் வலி 'தெரிய' வேண்டுமானால் செய்தி தண்டுவடத்தில் ஏறி மூளைக்குப் போக வேண்டும்; அந்த ஏறுபாதை அடைபட்டிருக்கிறது. ஆனால் பாதத்திலிருந்து தண்டுவடத்தின் அடிப்பகுதிவரை உள்ள குறுக்கு வழி அப்படியே இருக்கிறது. மனிதருக்குத் தெரியாத வலி தண்டுவடத்துக்குத் தெரியும். எனவே வலிக்கவில்லை என்ற பதில் இங்கே போதாது. பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். தானே குனிந்து பார்க்க முடியாதவர்கள் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கலாம். நகத்தின் இரு ஓரங்கள், விரல் இடுக்குகள், குதிகால், ஷூவின் உள்பக்கம், சாக்ஸின் தையல் மடிப்பு என்று ஒன்றையும் விடாமல்.

செய்தி பாதத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும், அதில் கிருமித்தொற்று இருந்தாலும், மலச்சிக்கலில் குடல் உப்பியிருந்தாலும், இடுப்பில் படுக்கைப்புண் தொடங்கியிருந்தாலும் அந்தச் செய்திகள் தண்டுவடத்தின் அதே அடிப்பகுதிக்குத்தான் வந்து சேர்கின்றன. கால்விரலை ஆளும் நரம்பணுக்களின் அண்டை வீட்டுக்காரர்கள் சிறுநீர்ப்பையின் நரம்பணுக்கள். திடீரென்று ஒரு வாரமாக இழுப்பு இரட்டிப்பானால், நோய் முற்றிவிட்டது என்று பதறுவதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துபார்ப்பது அறிவு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட எம்.எஸ். வழிகாட்டியும், விறைப்பைக் கூட்டும் இந்தக் காரணங்களைத் தேடிச் சரிசெய்யும்படி சொல்கிறது. குளிரும் பலருக்கு இழுப்பைக் கூட்டுகிறது. சிலருக்கு வெயிலும் காய்ச்சலும் கூட்டுகின்றன; சூடு ஏறினால் மயலின் இழந்த இழைகளில் செய்தி மேலும் தடுமாறும். எது தனக்கு என்பதை இரண்டு வாரம் குறித்துவைத்தாலே தெரிந்துவிடும்.

தூண்டுதலைத் தேடு என்பதற்கு எத்தனை சோதனைகள் ஆதாரம் என்று ஒரு கறாரான வாசகர் கேட்பார். நகத்தைச் சரிசெய்த நூறு பேரையும் சரிசெய்யாத நூறு பேரையும் சீட்டுப்போட்டுப் பிரித்து ஒப்பிடும் சோதனையை ஆதாரமாகக் காட்டி நான் இதைச் சொல்லவில்லை. இந்த ஆலோசனை நிற்பது அனிச்சையின் இயக்கத்தைப் பற்றிய நூறாண்டு அறிவின்மேலும், மருத்துவர்களின் நீண்ட அவதானிப்பின்மேலும்தான். ஆனால் ஆதாரத்தை எடைபோடும்போது தவறினால் என்ன நஷ்டம் என்பதையும் தட்டில் வைக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றும், புண்ணும், உள்வளர்ந்த நகமும் இழுப்புக்குக் காரணமாக இல்லாவிட்டாலும் எப்படியும் சிகிச்சை தேவைப்படுபவை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு இந்தச் சலுகை கிடையாது. மாத்திரைகள் பக்கமும் ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கவில்லை. எம்.எஸ். விறைப்புக்கான மருந்துகளை 2003இல் அலசிய காக்ரேன் அறிக்கை, இருந்த சோதனைகளை வைத்து எதையும் உறுதியாகப் பரிந்துரைக்க இயலாது என்றே சொன்னது.

தசைநீட்சிப் பயிற்சி விஷயத்தில் ஆதாரம் என் விருப்பத்துக்கு எதிராகவே இருக்கிறது. 2017இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, 49 ஆய்வுகளில் 2,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, நீட்சி மூட்டின் அசைவைக் கூட்டுகிறதா என்று பார்த்தது. நரம்பு நோய் உள்ளவர்களுக்குக் கிடைத்த கூடுதல் அசைவு சராசரியாக 2 டிகிரி. நடைமுறையில் அது ஒன்றுமில்லை. தினமும் அரைமணி நேரம் வலியோடு காலை நீட்டும் ஒருவருக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மை அல்ல. ஆனால் அந்தத் தொகுப்பு முதன்மையாகக் கேட்ட கேள்வி மூட்டு நிரந்தரமாக இறுகிப்போவதைப் பற்றியது. இன்றிரவு படுப்பதற்கு முன் மெதுவாக நீட்டினால் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் விரல் அமைதியாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒவ்வொருவரும் தன் உடலிலேயே விடை காணலாம்: நீட்டிய நாள், நீட்டாத நாள், இரவில் எத்தனை முறை விழித்தோம் என்ற மூன்று குறிப்புகள் போதும். பலன் தெரிந்தால் தொடரட்டும். தெரியாவிட்டால், செய்யவில்லையே என்ற குற்ற உணர்வின்றி விட்டுவிட்டு, அந்த நேரத்தை நடைக்கோ மிதிவண்டிப் பயிற்சிக்கோ கொடுக்கலாம்.

உடனே பலன் தெரியும் ஒரு உத்தி உண்டு, அது பாதம் வெடவெடவென்று துடிக்கும்போது. சக்கர நாற்காலியின் மிதியில் முன்பாதம் மட்டும் பட்டு, குதிகால் அந்தரத்தில் இருந்தால், கெண்டைத்தசை நீளும், அனிச்சையில் சுருங்கும், தளரும், மறுபடி நீளும். நொடிக்கு ஐந்தாறு முறை இது நடக்கும். நடுக்கம் என்று நினைத்துக் காலை இறுக்கிப் பிடித்தால் அடங்காது. பாதத்தைச் சற்று முன்னே நகர்த்திக் குதிகாலை மிதியில் பதித்து, முழங்காலின்மேல் உள்ளங்கையை வைத்து நேர்கீழாக அழுத்தினால், தசை ஒரே நீளத்தில் நின்றுவிடுகிறது. துடிப்புக்கு ஊட்டம் நின்றுவிடுகிறது. பேருந்து இருக்கையிலும் இது பலிக்கும்.

எல்லா இழுப்பையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு ஒரு நாளில் பல முறை, ஒரே அச்சில் வார்த்ததுபோல், கையோ காலோ கடும் வலியோடு முறுக்கிக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள் முற்றிலும் விட்டுவிடும். நினைவு தப்பாது. 1958இல் பிரிட்டிஷ் மருத்துவர் மேத்யூஸ் இவற்றை விவரித்தார். இங்கே கோளாறு அனிச்சையில் இல்லை. உறை இழந்த இழைகளில் மின்தூண்டல் பக்கத்து இழைக்குத் தாவுவதே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே இதற்கு வலிப்பு நோய்க்கான கார்பமாசெபின் போன்ற மருந்து, குறைந்த அளவிலேயே, வியக்கத்தக்க வகையில் கேட்கிறது. ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணு வகை, அந்த மருந்தால் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை வரவழைக்கக்கூடும் என்பதால், தொடங்குமுன் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமயலிட்டிஸ் ஆப்டிகா என்ற நோயில் இந்த வகை இழுப்பு இன்னும் அதிகம். சிகிச்சை வேறு என்பதால் அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இழுப்பு வரும்போது வீட்டில் ஒருவர் கைபேசியில் எடுக்கும் அரை நிமிட வீடியோ, மருத்துவருக்குப் பத்து நிமிட விவரிப்பைவிடப் பயன்படும்.

மருந்துகளை நான் கடைசியில் வைப்பது அவற்றின்மேல் உள்ள அவநம்பிக்கையால் அல்ல. பேக்லோஃபென் 1962இல் சீபா நிறுவனத்தின் ஆய்வகத்தில் வலிப்பு நோய்க்காக உருவானது. அதில் தோற்று, விறைப்பில் வென்றது. காபாவின் வேலையைத் தண்டுவடத்தில் ஓரளவு ஈடுசெய்வதால் இன்றும் முதலில் தரப்படுவது அதுதான். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் தேங்கும். எல்லாவற்றிலும் முக்கியம், ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டுப் போவதோ, தீர்ந்துபோனதும் வாங்காமல் விடுவதோ கூடாது. சட்டென்று நிறுத்தினால் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். அடுத்த மருந்தான டிசானிடினில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. அதனால் இழுப்பு கூடுகிறது. டிசானிடினின் அளவு கூட்டப்படுகிறது. பிறகு தொற்று கண்டுபிடிக்கப்பட்டு, வேறொரு மருத்துவர் சிப்ரோஃபிளாக்சசின் எழுதுகிறார். இந்த இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் டிசானிடினைச் சிதைக்க முடியாமல், இரத்தத்தில் சேரும் அளவு சுமார் பத்து மடங்கு ஏறுகிறது. இரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கிவிழுவார். தொற்றை முதலில் தேடியிருந்தால், கூட்டிய மாத்திரையே தேவைப்பட்டிருக்காது. எந்த மருத்துவரிடம் போனாலும் மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மடங்கிய விரல்கள் மட்டுமே தொல்லை என்றால் உடல் முழுவதையும் மந்தமாக்கும் மாத்திரை எதற்கு? விரலை மடக்கும் தசைகள் கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே பாட்டுலினம் நச்சை ஊசியில் செலுத்தினால், நரம்பு முனை அந்தத் தசைக்குச் செய்தி தருவது ஏறக்குறைய மூன்று மாதம் தடைப்படும். கணுக்கால், கால்விரல் தசைகளின் விறைப்புக்கென்றே 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அனுமதித்தது. கஞ்சாச் செடியின் சாற்றிலிருந்து செய்த வாய்த் தெளிப்பு பிரிட்டனில் 2010இல் அனுமதி பெற்றது. அங்கே நான்கு வாரம் தந்துபார்த்து, போதிய பலன் இருந்தால் மட்டுமே தொடர்கிறார்கள். அந்த முறையே எனக்கு மிகவும் பிடித்தது. எல்லா மருந்துக்கும் அது பொருந்தும்.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இவ்வளவு தேடல் எதற்கு, வலுவான மருந்தால் இழுப்பை ஒட்டுமொத்தமாக அணைத்துவிட்டால் என்ன? அணைக்கலாம். ஆனால் விறைப்புக்கு அடியில் பலவீனம் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து வரும் இழைகள் அரிக்கப்பட்டவருக்குத் தானாக விரும்பி முழங்காலை நீட்டி நிற்கும் வலு குறைவு. சமயங்களில் அவர் நிற்பதே விறைப்பின் தயவில்தான். அதை முழுவதும் எடுத்துவிட்டால் விரல் தளரும், கூடவே முழங்காலும் மடங்கி ஆள் சரிந்துவிடுவார். 1984இல் சிகாகோவில் பென், க்ரோயின் என்ற இருவர் பேக்லோஃபெனைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்தும் முறையை வெளியிட்டார்கள். வாயில் மில்லிகிராம் கணக்கில் விழுங்கும் மருந்து இங்கே மைக்ரோகிராம் கணக்கில் போதும். வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கும் சிறு பம்ப் அதை இரவும் பகலும் சொட்டுவிடும். மாத்திரைக்குக் கட்டுப்படாத இழுப்பு பலருக்கு இதில் அடங்குகிறது. ஆனால் பம்ப் வைக்குமுன் ஒரு நாள் முதுகில் ஊசிவழியாக 50 மைக்ரோகிராம் செலுத்திப் பார்ப்பார்கள். அதன் விளைவு நான்கு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். அந்தச் சில மணி நேரத்தில் விரல்கள் பிரிந்து நேராகக் கிடக்கின்றனவா என்று எல்லாரும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, அவரை எழுந்து நின்று அதில் மாறி உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.